சதுரங்கப் பலகையின் பேரெண்

சதுரங்கத்தைக் கண்டவர் மன்னனிடம் கேட்ட பரிசை நாம் அறிவோம்: முதற்கட்டத்திற்கு ஒரு கோதுமை மணி, அடுத்தடுத்த கட்டங்களுக்கு முன்னதன் இருமடங்கு. 64 கட்டங்களுக்கும் சேர்த்து 1,84,46,74,40,73,70,95,51,615 மணிகள். அலெக்சாந்திரியக் கணக்கர் ஒருவர் கணக்கிட்டுக் காட்டும்வரை வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகானே (1211–1282) இத்தொகையை ஐயுற்றார்.

63 முறை இரட்டித்துக் கூட்டுவது நெடுவழி. கி.பி. 1000-ஐ ஒட்டி இயற்றிய 'அல்-ஆஸாருல் பாக்கியா'வில் அல்பீரூனி குறுவழி காட்டினார். எந்தக் கட்டம்வரை கூட்டினும், தொகை அடுத்த கட்டத்தின் எண்ணைவிட ஒன்றே குறையும். எனவே 65ஆம் கட்டத்தின் எண் தெரிந்தால் போதும். அதற்கு 16-ஐ வர்க்கமாக்கி, விடையை மீண்டும் வர்க்கமாக்கி, இவ்வாறு நான்கு முறை செய்து ஒன்றைக் கழித்தார்.

இப்படிகளிலேயே எண்ணின் உள்ளமைப்பும் வெளிப்படுகிறது. ஒரு வர்க்கத்தில் ஒன்றைக் கழித்தால், மூல எண்ணைவிட ஒன்று குறைந்ததும் ஒன்று மிகுந்ததுமான இரண்டின் பெருக்கமே எஞ்சும். ஆகவே நம் பேரெண் 15, 17, 257, 65,537, 4,29,49,67,297 ஆகியவற்றின் பெருக்கம். இவற்றுள் இறுதி எண்ணைப் பகா எண் என்றே ஃபெர்மா கருதினார்; அது 641, 67,00,417 ஆகியவற்றின் பெருக்கம் என 1732இல் ஆய்லர் நிறுவினார்.

நாமோ மாணவரிடம் மன்னன் திகைத்த கதையோடு நிறுத்திவிடுகிறோம். அல்பீரூனியின் நான்கு படிகளையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுவோமாயின், அவ்வறிஞருக்கு நாம் பட்ட கடனில் சிறிதேனும் தீரும்.