‘ஏன் முன்னாடியே சொல்லல?’னு கேட்கிற டீம் லீடரா நீங்க?

நாளைக்கு டெட்லைன். இன்று மாலை டீமில் ஒருவர் வந்து, “சார், ஒரு சின்னப் பிரச்னை...” என்று இழுக்கிறார். மூன்று வாரமாக ஓடிக்கொண்டிருக்கும் பெரிய பிரச்னை அது என்று ஐந்தாவது நிமிடத்தில் தெரிகிறது. “இதை ஏன் முன்னாடியே சொல்லல?” என்று எகிறுகிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால், போன தடவை ஒருத்தர் முன்னாடியே வந்து சொன்னப்போ நீங்க என்ன பண்ணீங்க?

ஹார்வர்டு பேராசிரியர் எமி எட்மண்ட்சன், 1990-களில் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல டீமில் தவறு குறைவாக இருக்கும் என்பதுதான் அவருடைய கணக்கு. கிடைத்ததோ தலைகீழ்! ஒற்றுமையாக இயங்கிய டீம்களில்தான் அதிக தவறுகள் பதிவாகியிருந்தன. குழம்பிப்போனவர் மேலும் தோண்டியபோது விஷயம் புரிந்தது. அந்த டீம்களில் தவறை வெளிப்படையாகச் சொல்ல முடிந்தது. தலைமை நர்ஸ் கடுகடுத்த இடங்களில் எல்லோரும் கமுக்கமாக இருந்துவிட்டார்கள். ‘இங்கே வாயைத் திறந்தால் அவமானப்பட மாட்டோம்’ என்ற இந்த நம்பிக்கைக்கு ‘சைக்கலாஜிக்கல் சேஃப்டி’ என்று பெயர். கூகுள் தன்னுடைய 180 டீம்களை ஆராய்ந்தபோதும் இதுதான் முதலிடத்துக்கு வந்தது.

நம்ம ஊர் உதாரணமும் உண்டு. 1979 ஆகஸ்ட்டில் எஸ்.எல்.வி-3 ராக்கெட் கடலில் விழுந்தபோது பத்திரிகையாளர்களை எதிர்கொண்டவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். அடுத்த ஆண்டு ஜூலையில் ஜெயித்தபோது, திட்ட இயக்குநர் அப்துல் கலாமைப் பேசச் சொன்னார். (இந்தக் கதையை ஆபீஸ் குரூப்பில் ஃபார்வர்டு செய்கிற மேனேஜர்களே, அதே குரூப்பில் ஜூனியரை வறுத்தெடுப்பதும் நடக்கிறது!)

குரூப்பில் திட்டு வாங்குவது ஒருத்தர்தான். ஆனால், படித்துவிட்டு அமைதியாகிறவர்கள் பத்துப் பேர். சேர்ந்து ரெண்டு வாரமே ஆன புதியவர், ‘இங்க நமக்கு எதுக்கு வம்பு’ என்று அப்போதே ஒதுங்கிவிடுவார். அப்புறம் டீம் லன்ச், பர்த்டே கேக் எல்லாம் வெறும் சாப்பாடுதான்.

அதுக்காகத் தவறைக் கண்டுக்காம விடணுமா? வேண்டாம். கெட்ட செய்தி வந்ததும் முதலில், “எப்போ கவனிச்சீங்க, இப்போ என்ன பண்ணலாம்?” என்று கேளுங்கள். யார் செய்தது என்ற விசாரணையைப் பிரச்னை முடிந்த பிறகு, தனி அறையில் வைத்துக்கொள்ளலாம். மீட்டிங்கில் உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். நீங்கள் முதலில் சொல்லிவிட்டால், மற்றவர்கள் ‘யெஸ் சார்’ சொல்வதோடு முடித்துக்கொள்வார்கள்.