வேர்டை மறுபடி இன்ஸ்டால் செய்தும் பிரச்சினை தீரலையா?

வேர்டில் புது ஆவணம் திறந்தாலே எழுத்து 18 சைஸில் வருகிறது. ஓரத்து இடைவெளியும் தாறுமாறு. சரிசெய்து வேலையை முடித்தாலும், அடுத்த ஆவணத்தில் மறுபடியும் அதே கதைதான். வெறுத்துப்போய் ஆபீஸ் தொகுப்பையே நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்பவர்கள் உண்டு. நேரம் போனதுதான் மிச்சம். எழுத்து அதே 18-ல் நிற்கும்.

காரணம், மென்பொருள் இருப்பது ஓரிடம், உங்கள் விருப்பங்கள் இருப்பது வேறிடம். புது ஆவணத்தின் எழுத்துரு, அளவு, ஓரம் எல்லாம் ‘நார்மல்.டாட்எம்’ என்ற டெம்ப்ளேட் கோப்பில் பதிவாகின்றன. அது உங்கள் விண்டோஸ் கணக்குக்குள் இருக்கிறது. வேர்டை நீக்கினாலும் பொதுவாக அது போவதில்லை. அதே கம்ப்யூட்டரில் இன்னொருவர் கணக்கில் வேர்டு ஒழுங்காக இருந்தால், சந்தேகத்தை இந்தக் கோப்பின் மேல் வைக்கலாம்.

எழுத்து மட்டும்தான் மாறியிருக்கிறதா? அப்படியென்றால் ரீசெட்டே வேண்டாம். கன்ட்ரோலுடன் டி அழுத்தினால் எழுத்துருப் பெட்டி வரும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்து, ‘செட் அஸ் டீஃபால்ட்’ கொடுங்கள். இந்த ஆவணத்துக்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா என்று கேட்கும், இரண்டாவதைச் சொல்லுங்கள். பல நேரம் கோளாறு தொடங்குவதும் இதே கேள்விக்கு அவசரத்தில் ‘எல்லாவற்றுக்கும்’ என்று சொல்லிவிடுவதால்தான்!

அதற்கு மேல் குளறுபடி என்றால், வேர்டையும் அவுட்லுக்கையும் மூடுங்கள். விண்டோஸ் பட்டனுடன் ஆர் அழுத்தி, வரும் கட்டத்தில் ‘ஆப்டேட்டா’ என்று ஆங்கிலத்தில், முன்னும் பின்னும் % குறி போட்டு டைப் செய்யுங்கள். திறக்கும் ஃபோல்டரில் மைக்ரோசாஃப்ட், அதற்குள் டெம்ப்ளேட்ஸ். அங்கேதான் நார்மல் கோப்பு இருக்கும்.

அதை அழிச்சிடாதீங்க. பெயரை மட்டும் ‘நார்மல் பழசு’ என்பதுபோல் மாற்றுங்கள். கடைசியில் உள்ள ‘டாட்எம்’ அப்படியே இருக்கட்டும். வேர்டைத் திறந்தால் அதுவே புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும்.

அழிக்க வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் சேமித்த மேக்ரோக்கள், சொந்தமாக உருவாக்கிய ஸ்டைல்கள், ஆட்டோடெக்ஸ்ட் வாசகங்கள் எல்லாம் பெரும்பாலும் இதே கோப்பில்தான் இருக்கும். தினமும் ஒரே மாதிரி பத்திரம், கடிதம் அடிப்பவர்களுக்கு அது பல வருட உழைப்பு. பழைய கோப்பு கையில் இருந்தால், வேர்டின் ‘ஆர்கனைசர்’ மூலம் ஸ்டைல்களையும் மேக்ரோக்களையும் புதியதற்குக் கொண்டுவரலாம். ஒரேயடியாக எல்லாவற்றையும் கொண்டுவந்தால் கோளாறும் கூடவே வரலாம். தேவையானதை மட்டும் எடுங்கள். நீங்கள் ஏற்கெனவே சேமித்த ஆவணங்களை இந்த மாற்றம் தொடாது. ஸ்பெல்செக் அகராதியில் சேர்த்த ஊர்ப்பெயர், ஆள்பெயர்களும் தனிக் கோப்பில் இருப்பதால் பத்திரம்.

இதற்குப் பிறகும் வேர்டு திணறினால்? அதை மூடிவிட்டு, கன்ட்ரோல் பட்டனை அழுத்திக்கொண்டே மறுபடி திறங்கள். ‘சேஃப் மோடு’ வேண்டுமா என்று கேட்கும், ‘யெஸ்’ கொடுங்கள். அதில் ஒழுங்காக ஓடினால், சந்தேகப்பட வேண்டியது ஆட்-இன்களை. வேர்டை வழக்கம்போல் திறந்து, ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் பகுதிக்குப் போய் ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.