காதுக்குள் ஆடும் கடல்

1947 நவம்பர். நியூயார்க்கிலிருந்து ஜெர்மனிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களுடன் ‘ஜெனரல் பல்லூ’ என்ற அமெரிக்கப் படைக்கப்பல் அட்லாண்டிக்கைக் கடந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் கே, கார்லினர் இருவரும் வீரர்களுக்கு ஒரு மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். அது ஒவ்வாமைக்கான மருந்து. தோல் தடிப்புக்காக அதைச் சாப்பிட்ட ஒரு பெண்ணுக்கு, டிராமில் போகும்போது வழக்கமாக வரும் குமட்டல் நின்றுபோயிருந்தது. அதுதான் இந்தச் சோதனைக்குத் தூண்டுகோல். கடலிலும் மருந்து பலித்தது. அதுவே ‘டிராமமின்’.

நம் உட்செவியில் பக்கத்துக்கு மூன்று அரைவட்டக் குழாய்கள் உண்டு. உள்ளே திரவம், அதன் குறுக்கே ஜெல்லி போன்ற மெல்லிய தடுப்பு. தலை திரும்பும்போது திரவம் சற்றுப் பின்தங்கும், தடுப்பு வளையும், மூளைக்குச் சேதி போகும். கப்பல் அறையில் சுவர் அசையவில்லை என்கிறது கண்; ஆடுகிறோம் என்கிறது காது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் பிறக்கிறது. டிராமமின், அவோமின் போன்ற மாத்திரைகள் மூளையில் ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின் ஆகியவற்றின் வேலையைத் தடுத்து இந்தச் சச்சரவை அடக்குகின்றன. ஆனால் நம்மை விழிப்பாக வைத்திருப்பதிலும் ஹிஸ்டமினுக்குப் பங்குண்டு. மாத்திரை போட்டதும் கண் சொக்குவது அதனால்தான்.

மது நேராகக் காதிலேயே கைவைக்கிறது. சாதாரணமாகத் தடுப்புக்கும் திரவத்துக்கும் அடர்த்தி ஒன்றே. ஆல்கஹாலோ தண்ணீரைவிட லேசானது. இரத்தக் குழாய்களுக்கு அருகில் இருப்பதால் தடுப்புக்குள்தான் அது முதலில் ஊறுகிறது. லேசான தடுப்பு திரவத்தில் மிதக்கப் பார்க்கிறது. குடித்தவர் படுத்ததும் அறை சுழல்வது இதனால்தான். சில மணி நேரத்தில் திரவத்திலும் ஆல்கஹால் கலந்ததும் சுழற்சி அடங்கும். பிறகு தடுப்பிலிருந்தே அது முதலில் வெளியேறுவதால், எதிர்த்திசையில் இன்னொரு சுற்று தொடங்கும். தண்ணீரைவிட அடர்த்தியான கன நீரைக் கொடுத்துப் பார்த்த 1974ஆம் ஆண்டு ஆய்வில், குடித்தவரின் கண்கள் துடிக்கும் திசைக்கு நேர்மாறாகக் கண்கள் துடித்தன. அடர்த்திதான் காரணம் என்பது உறுதியானது.

ஆக, கடல் குளம்போல் அமைதியாகக் கிடந்தாலும் குடித்தவரின் காதுக்குள் அலை அடிக்கும். மாத்திரை எந்தத் தொல்லையை அடக்க வந்ததோ, அதையே மது கிளப்பிவிடுகிறது. ஒன்றில் மட்டும் இரண்டும் கைகோக்கின்றன: மூளையை மந்தமாக்குவதில். தள்ளாட்டமும் மயக்கமும் கூடும். ஆடும் கப்பலின் படிக்கட்டில் விழ அதுவே போதும். அரைமயக்கத்தில் வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாய்க்கும் ஆபத்து.

காதின் பின்னால் ஒட்டும் ஸ்கோபொலமின் பட்டை மூன்று நாள் வேலை செய்யும். மாலையில் பிய்த்துப் போட்டுவிட்டுக் குடிக்கலாம் என்ற கணக்கும் உதவாது. தோலில் ஊறிய மருந்து உடனே போய்விடாது. பயணத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். மருந்து எடுத்தால், அது உடலில் இருக்கும்வரை மதுவைத் தொடாதீர்கள்.