கேரித் தீவிலிருந்து கைப்பேசி வரை

பால்மரம் வெட்டச் செல்வோரின் சட்டைப்பையில் இன்று கைப்பேசி இருக்கிறது. பெரட்டு முடிந்ததும் வெளியூரில் படிக்கும் பிள்ளைக்குத் தமிழில் ஒரு வரி எழுதி அனுப்புகிறோம். பிள்ளை ஜொகூரில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும், எழுதியது எழுதியவாறே போய்ச் சேர்கிறது. இவ்வசதி தானாக வந்ததன்று. இதற்காக உழைத்தோருள் முன்னிற்கும் ஒருவர் நம் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டச் சூழலில் வளர்ந்தவர் என்பதை நம்முள் பலர் அறியார்.

போர்ட் கிள்ளானுக்குத் தெற்கே அலையாத்திக் காடுகள் சூழ இருப்பது கேரித் தீவு. வேலன்டைன் கேரி என்ற தோட்டத்துரையின் பெயரால் அஃது இன்றும் வழங்குகிறது. அங்குத் தமிழாசிரியராக விளங்கியவர் கவிஞர் முரசு நெடுமாறன். 1887 முதல் 1987 வரை இந்நாட்டில் எழுந்த கவிதைகளைத் தேடித் திரட்டி, 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' எனும் பெருநூலாக 1997இல் வெளியிட்டவர் அவரே. அவருடைய மகன் முத்து நெடுமாறன் கணினித் துறைக்குச் சென்றார். 1985இல் கணினியில் தமிழ் எழுதுவதற்கென அவர் உருவாக்கிய மென்பொருளின் பெயர் 'முரசு'. தந்தையின் பெயரில் ஒலிக்கும் அதே முரசுதான். பின்னர் அது 'முரசு அஞ்சல்' என வளர்ந்தது.

அக்காலத்தில் பெரிய கணினி நிறுவனங்களுக்குத் தமிழ் ஒரு சந்தையாகத் தோன்றவில்லை. வீட்டிலும் பள்ளியிலும் தமிழே புழங்கிய இடத்தில் வளர்ந்த ஒருவருக்கு மட்டும் அது தேவையாகத் தோன்றியதில் வியப்பில்லை என்பது நம் எண்ணம்.

வேலை என்னவோ கடினமானது. தமிழ் எழுத்துகள் 247. கணினியின் விசைப்பலகையோ ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கெனச் செய்யப்பட்டது. ஆனால் நம் எழுத்துமுறையின் சிறப்பே இங்குக் கைகொடுத்தது. 12 உயிரும் 18 மெய்யும் அறிந்தால் 216 உயிர்மெய்யும் தாமே பிறக்கும். பள்ளியில் நாம் படித்த பாடம்தான். முரசு அஞ்சலில் ஆங்கில ஒலிப்பைக் கொண்டே எழுதலாம். ஏ, எம், எம், ஏ, ஏ என்று ஐந்து முறை தட்டினால் திரையில் 'அம்மா' தோன்றும். ஆங்கிலத்தின் துணை வேண்டாதோர்க்குத் 'தமிழ் 99' என்னும் முறை உண்டு. 1999இல் சென்னையில் நடைபெற்ற மாநாட்டை ஒட்டி, தமிழ்நாட்டு அரசு அதனை ஏற்றது. அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். அ, ம, ம, ஆ என நான்கே தட்டு. முதல் மகரத்தின் மேல் புள்ளியைக் கணினியே வைத்துவிடும். மெய்ப்பைப் பார்த்துப் பழகிய நம் போன்றோர்க்கு இஃது ஒரு சிறு மகிழ்ச்சி.

எழுதுவது ஒரு பங்கு. எழுதியதை மற்றவர் படிப்பதே பெரும்பாடாக இருந்தது. கணினி எழுத்தை எழுத்தாக அறியாது, எண்ணாகவே வைத்துக்கொள்ளும். அன்று மென்பொருள் செய்தவர் ஒவ்வொருவரும் 'க'வுக்குத் தத்தம் விருப்பப்படி ஓர் எண்ணைத் தந்தனர். ஒவ்வொரு தோட்டமும் பால் வாளிகளுக்குத் தன் போக்கில் எண்ணிட்டு ஒரே ஆலைக்கு அனுப்பினால் என்னாகும்? அதுவே தமிழ் மடல்களுக்கும் நேர்ந்தது. ஈப்போவில் தட்டிய கடிதம் கிள்ளானில் வெறும் குறிகளாகத் திறக்கும். இக்குழப்பத்தை ஆராயச் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி 1997இல் தமிழிணைய மாநாட்டைக் கூட்டினார். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான 'யூனிகோடு' முறையில் 1991இலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும், அது பரவப் பல்லாண்டுகள் ஆயின. தமிழ்நாட்டு அரசு அதனை முறையாக ஏற்றது 2010இல்.

முத்து நெடுமாறனின் நிறுவனம் சிறியது. சிறியதாயினும் அதன் கைவண்ணம் பெரிய நிறுவனங்களின் கருவிகளுக்குள் சென்றது. ஆப்பிள் கணினிகளில் உள்ள 'இணைமதி' எழுத்துரு அவர் வரைந்தது. 'தமிழ் எம்.என்.' என்றும் ஓர் எழுத்துரு அவற்றில் உண்டு. அந்த எம்.என். அவர் பெயரின் எழுத்துகளே. வங்காளம், சிங்களம், கெமர் போன்ற பிற எழுத்துகளுக்கும் அவர் வரைந்த உருக்கள் அதே அடையாளத்தோடு விளங்குகின்றன. கேரித் தீவில் வளர்ந்தவர் வரைந்த எழுத்தைக் கம்போடியாவில் ஒருவர் தம் திரையில் படிக்கிறார்.

2005ஆம் ஆண்டுப் பொங்கலன்று அவருடைய 'செல்லினம்' சிங்கப்பூரில் அறிமுகமாயிற்று. கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்ப அது வழிசெய்தது. பின்னர் அது திறன்பேசிகளுக்கும் வந்தது.

ஐபோன் வைத்திருப்போர் எதனையும் தேட வேண்டியதில்லை. அமைப்புகளில் 'பொது' என்ற பகுதிக்குச் சென்று, விசைப்பலகைகளில் தமிழைச் சேர்த்தால் 'அஞ்சல்', 'தமிழ் 99' இரண்டும் இருக்கும். ஆண்ட்ராய்டு வகைக் கைப்பேசியில் செல்லினத்தை இறக்கிக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் காத்திருக்கலாகாது. தோட்டத்துக் கோயில் குழுவின் கணக்கு, தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், சங்கக் கூட்டக் குறிப்பு முதலியவை 1990களில் பழைய எழுத்துருக்களில் தட்டப்பட்டுப் பழைய கணினிகளில் கிடக்கின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருள்கள் உண்டு. ஆனால் கணினி பழுதடைந்துவிட்டால் மாற்றுவதற்கு எதுவும் எஞ்சாது. உயர்நிலைப்பள்ளியில் பயிலும் பிள்ளைகளிடம் அக்கோப்புகளை இந்த விடுமுறையிலேயே கொடுத்துவிடுங்கள்.