சைக்கிளைக் கவிழ்த்துப் போட வேண்டாம்: வீட்டுக்கு ஒரு ரிப்பேர் ஸ்டாண்டு வாங்கலாமா, செய்யலாமா?

ராசிபுரம், ஆத்தூர், எடப்பாடி, திருச்செங்கோடு பக்கத்துக் கிராமங்களில் பல வீட்டுத் திண்ணையோரம் ஒரு சைக்கிள் சாய்ந்து நிற்பதைப் பார்க்கலாம். பிளஸ் 1 படிக்கும்போது பள்ளியில் கொடுத்த வண்டி. பெரிய பழுது எதுவும் இருக்காது. செயின் தொளதொளவென்று தொங்கும், பின் பிரேக் பிடிக்காது, இல்லை ரிம்மில் கொஞ்சம் கோட்டம் இருக்கும். ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் டூவீலர் பஞ்சருக்கு மாறியிருப்பார். டவுன் வரைக்கும் தள்ளிக்கொண்டு போக யாருக்கும் நேரமில்லை. விளைவு, வண்டி இருந்தும் பிள்ளை பஸ்சுக்கு நடக்கிறது. இன்னும் மோசமான விளைவு, பிரேக் பிடிக்காத வண்டியிலேயே மெயின் ரோட்டில் போகிறது.

தமிழகத்தில் 2001-02ல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்காகத் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், பிறகு அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் மற்ற மாணவ, மாணவிகளுக்கும் விரிந்தது. ஆக, வீட்டில் சைக்கிள் இருப்பது இன்று புதிதல்ல. அதைப் பார்த்துக்கொள்ளும் கைதான் குறைவு. நான்கு ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஓர் எண்ணெய்க் குப்பி இருந்தால் பாதிப் பழுதை வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். வண்டியை அசையாமல் பிடித்துக்கொள்ள ஒரு ஸ்டாண்டு இருந்தால் வேலை இன்னும் சுலபம்.

எதுக்கு ஸ்டாண்டு? கவுத்துப் போட்டா ஆகாதா?

பஞ்சர் ஒட்ட ஆகும். மற்ற வேலைக்கு அவ்வளவு தோதுப்படாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினால் மொத்த கனமும் ஹேண்டில் பாரிலும் சீட்டிலும் இறங்கும். கம்பி பிரேக் வண்டியில் பிரேக் கம்பி தரையில் அழுந்தும். கேபிள் பிரேக் வண்டியில் கேபிள் மடங்கும். பெல், லைட் உடையும். அந்த நிலையில் பிரேக்கைச் சரிபார்க்கவும் முடியாது, லீவர் தரையோடு கிடக்கும்.

கேரியர் ஸ்டாண்டு போட்டால் பின் சக்கரம் மட்டும் தூக்கும். செயினுக்கு எண்ணெய் விட அது போதும். ஆனால் முன் சக்கரம், முன் பிரேக், ஹேண்டில் ஆட்டம் பார்க்க இரண்டு சக்கரமும் தரையை விட்டு எழும்ப வேண்டும். ரிப்பேர் ஸ்டாண்டு செய்வது அதைத்தான்.

செலவில்லாத வழி: தொட்டில் கொக்கி

கான்கிரீட் வீடுகளில் தொட்டில் கட்டவோ ஊஞ்சல் மாட்டவோ கூரையில் கொக்கி விட்டிருப்பார்கள். அதிலிருந்து இரண்டு கயிறு இறக்குங்கள். ஒன்று சீட்டுக்குக் கீழே, இன்னொன்று ஹேண்டில் நடுவில். சக்கரம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தால் போதும். வாசலில் வேப்பமரம் இருந்தால் தடித்த கிளையிலும் கட்டலாம். பழைய சைக்கிள் கடைகள் பலவற்றில் பார்த்த ஏற்பாடுதான் இது.

இதில் ஒரு குறை, வண்டி ஆடும். பழைய டியூபை நீளமாக வெட்டி, பெடல் இருக்கும் பகுதியைப் பக்கத்துத் தூணோடு சேர்த்துக் கட்டினால் ஆட்டம் நன்றாகக் குறையும். ஃபேன் மாட்டும் கொக்கியிலும், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் தாங்கும் மெல்லிய பைப்பிலும் கட்டவே கூடாது. சாதாரண பெரிய சைக்கிள் ஒன்றே 20 கிலோ அளவுக்கு இருக்கும். அதன் மேல் ஸ்பேனர் போட்டு இழுக்கும் பலமும் சேரும்.

கடையில் வாங்குவதானால் என்ன பார்க்கணும்?

மடக்கி வைக்கும் கிளாம்ப் ஸ்டாண்டுகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. பெரும்பாலும் எடை குறைந்த கியர் சைக்கிளை மனதில் வைத்துச் செய்தவை. அதனால் நான்கு விஷயத்தைப் பாருங்கள்.

எவ்வளவு எடை தாங்கும்? 15 கிலோ என்று போட்டிருந்தால் நம்ம ஊர் கேரியர் வைத்த வண்டிக்கு ஆகாது. 25 கிலோவுக்கு மேல் இருக்கட்டும்.

கிளாம்ப் வாய் எதைப் பிடிக்கும்? அதில் ரப்பர் பட்டை இருக்கிறதா? வெறும் இரும்பு வாய் பெயின்ட்டைப் பெயர்க்கும்.

கால்கள் எவ்வளவு விரிகின்றன? குறுகிய கால் ஸ்டாண்டு சாயும்.

உயரம் குறைக்க முடியுமா? நின்று வேலை செய்யும் உயரத்துக்கு 20 கிலோ வண்டியைத் தூக்கி மாட்டுவது பிளஸ் 1 மாணவிக்கோ வயதானவருக்கோ கஷ்டம்.

எந்த ஸ்டாண்டானாலும் சீட் பைப்பில்தான் பிடிக்க வேண்டும். சீட்டைக் கொஞ்சம் மேலே இழுத்தால் பிடிக்க இடம் கிடைக்கும். பைப்பில் கோடு போட்டிருந்தால் அந்தக் கோடு வெளியே தெரியும்வரை இழுக்கக் கூடாது. கியர் சைக்கிளின் மெல்லிய அலுமினியம் பாரைக் கிளாம்பில் இறுக்கினால் நசுங்கிவிடும். லேடீஸ் சைக்கிளுக்கு மேல் பாரே கிடையாது, அதற்கும் சீட் பைப்தான் வசதி.

பட்டறையில் அடிச்சா?

சேலம், நாமக்கல் பக்கம் இருப்பவர்களுக்கு இதுதான் நல்ல வழி. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை, திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வேலை என்று வெல்டிங் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லாத பகுதி இது. அமெரிக்காவின் மினசோட்டாவில் சைக்கிள் கடை வைத்திருந்த இருவர், குனிந்து குனிந்து வேலை செய்து அலுத்துப்போய்த் தங்களுக்கென ஒரு ஸ்டாண்டு செய்துகொண்டார்கள். கையில் கிடைத்த பழைய சாமான்களை வைத்துச் செய்ததுதான். 1963ல் தொடங்கிய 'பார்க் டூல்' நிறுவனம் அப்படித்தான் பிறந்தது. இன்று உலகம் முழுக்க சைக்கிள் கடைகளில் அதன் ஸ்டாண்டு நிற்கிறது.

நீங்கள் பட்டறையில் கொடுக்க வேண்டிய அளவு இது. ஒன்றரை அங்குல இரும்புச் சதுரப் பைப்பு, 2 மி.மீ. கனம்.

அடிக்கம்பி: 75 செ.மீ. நீளம். தூண் இதன் மேல் நிற்கும். தூணுக்கு முன்னால் 50 செ.மீ., பின்னால் 25 செ.மீ. வரும்படி.

குறுக்குக் கால்: 90 செ.மீ. நீளத்தில் இரண்டு. அடிக்கம்பியின் இரு முனையிலும் ஒவ்வொன்று, ஆங்கில 'எச்' எழுத்து மாதிரி.

தூண்: முக்காலி போட்டு உட்கார்ந்து வேலை செய்ய 110 செ.மீ. நின்று வேலை செய்ய 150 செ.மீ.

கை: தூண் உச்சியிலிருந்து முன்பக்கம் நீளும் 30 செ.மீ. துண்டு. அதன் முனையில் கிளாம்ப்.

110 செ.மீ. தூணுக்கு மொத்தம் 4 மீட்டர் பைப்பு, ஏறக்குறைய 9 கிலோ. 20 அடிப் பைப்பு ஒன்று வாங்கினால் மிச்சமே இருக்கும்.

கிளாம்புக்கு மரக்கட்டை நல்லது. 10 செ.மீ. நீளக் கட்டையில், சீட் பைப்பைவிட 2 மி.மீ. பெரிதாகத் தச்சரிடம் துளை போடச் சொல்லுங்கள். பிறகு துளையின் நடுவே கட்டையை இரண்டாக அறுக்க வேண்டும். வாள் தின்ற இடம்தான் இறுக்குவதற்கான இடைவெளி. உள்ளே பழைய டியூப் ஒட்டி, ஒரு பாதியைக் கையின் முனையில் பொருத்தி, மறுபாதியை இரண்டு போல்ட்டால் இறுக்கினால் கிளாம்ப் தயார்.

சாயாம நிக்குமா? ஒரு சின்னக் கணக்கு

"அடியில ஒரு பழைய லாரி டிரம் வெச்சிடலாங்க, நல்ல கனம்" என்று பட்டறையில் சொல்லக்கூடும். கனத்தை விட, கால் எவ்வளவு தூரம் நீளுகிறது என்பதுதான் முக்கியம். சீட் பைப்பில் பிடித்த சைக்கிளுக்கு முன்பக்கம் கனம் அதிகம். கையின் நீளத்தையும் சேர்த்தால், வண்டியின் கனம் தூணிலிருந்து சுமார் 40 செ.மீ. தள்ளி, மூலைவாட்டில் இறங்குகிறது. 40 செ.மீ. அகல வட்ட அடித்தட்டு என்றால், தட்டு தூணிலிருந்து 20 செ.மீ. வரைதான். மீதி 20 செ.மீ. வெளியே. 20 கிலோ வண்டியைச் சமன் செய்யவே தட்டு 20 கிலோ வேண்டும். அதுவும் விழுகிற விளிம்பில்தான் நிற்கும். ஸ்பேனரை ஒரு அழுத்து அழுத்தினால் சாய்ந்துவிடும்.

மேலே சொன்ன 'எச்' காலில் அந்தக் கனம் கால்களுக்குள்ளேயே விழுகிறது. வண்டியின் கனமே ஸ்டாண்டைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும். கடையில் வாங்கும் ஸ்டாண்டையும் இதே கணக்கில் பார்க்கலாம்.

முன்பக்கம் கனம் என்பதால் கிளாம்பில் வண்டி மெல்லச் சுழன்று தலை குனியப் பார்க்கும். ஹேண்டிலைத் தூணோடு ஒரு கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள். சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் விட வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. தண்ணீர்க் குழாய்க்குப் போடும் ஜிஐ பைப்பு வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று வெல்டிங்குக்கு எடுத்துப் போகாதீர்கள். அதன் துத்தநாகப் பூச்சு எரியும் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல், நடுக்கம் வரும். சாதாரண இரும்புப் பைப்பு வாங்கி, அடித்து முடித்தபின் பெயின்ட் பூசினால் போதும்.

மாட்டியாச்சு, இனி என்ன பார்க்கணும்?

முதலில் பிரேக். கட்டை ரிம்மில் படுகிறதா, டயரில் படுகிறதா? டயரில் பட்டால் சீக்கிரமே டயர் கிழியும். தேய்ந்த கட்டையை மாற்றுவது சில நிமிட வேலை.

அடுத்து சக்கரம். சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரே இடத்தில் இடைவெளி குறைந்து கூடினால் அங்கே கோட்டம். பெரிய சைக்கிளில் வழக்கமாக முன்னால் 32, பின்னால் 40 ஸ்போக்ஸ் கம்பிகள் இருக்கும். கோட்டம் எடுக்கும்போது ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் நிப்பிளைத் திருப்பாதீர்கள்.

பிறகு செயின். கியர் இல்லாத வண்டியில், நடுவில் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் அரை அங்குலம் அசைய வேண்டும். அதற்கு மேல் தொங்கினால் பின் ஆக்சில் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னால் நேராக இழுத்து இறுக்குங்கள்.

ஸ்டாண்டில் செய்யக் கூடாதது

சுத்தியல் வேலை. காட்டர் பின்னைத் தட்டுவதும், இறுகிப்போன பெடலைக் கழற்றுவதும் வண்டி தரையில் இருக்கும்போதுதான். இடது பெடலுக்கு எதிர் மரை என்பதை மறந்துவிட்டு, இறுகும் பக்கமே பலம் கொடுத்து ஸ்டாண்டோடு சாய்ப்பவர்கள் உண்டு. போர்க்கில் வெடிப்போ, பாரில் வெல்டு விட்டதோ தெரிந்தால் வீட்டில் கை வைக்காமல் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

யாருக்கு எது?

வருஷத்துக்கு ஓரிரு முறை பார்ப்பவருக்குத் தொட்டில் கொக்கி போதும். இடம் குறைவாக உள்ள, கியர் சைக்கிள் வைத்திருக்கும் வீட்டுக்கு மடக்கு ஸ்டாண்டு. வீட்டில் இரண்டு மூன்று கனமான வண்டிகள் இருந்தால் பட்டறையில் அடித்துவிடுங்கள். அக்கம்பக்கம் நாலு வீடு சேர்ந்து ஒன்று அடித்து, பொதுவான இடத்தில் வைத்தாலும் நல்லது. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய வாரம் எல்லா வண்டியையும் ஒரு சுற்று மாட்டிப் பார்த்துவிடலாம்.