குடவோலையும் வாக்குப் பெட்டியும்

பலர் கூடித் தம் சார்பில் சிலரைத் தெரிந்தெடுக்கும்போது நேர்மை எங்ஙனம் அமையும்? பிள்ளையார்பாளையத்துத் தறிகளின் ஓசைக்கிடையே நான் இதனை எண்ணுவதுண்டு.

காஞ்சிக்குத் தெற்கேயுள்ள உத்திரமேரூரில், முதற் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒரு வழி காட்டுகிறது. ஊரின் 30 குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். முந்திய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தோர் பெயர் இடப்படவில்லை. பதவியைப் பற்றிக்கொள்ள இயலாதபடி செய்த சிறந்த ஏற்பாடு அது. ஆயினும் பொதுவாகக் கால் வேலி இறைநிலம் வேண்டும். தறியே உடைமையான நெசவாளர்க்குக் குடத்தில் இடமேது?

இன்று வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குண்டு. ஆனால் தொகுதியில் முதல்வராய் வந்தவரே வெல்வார். 2014 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தில் அ.தி.மு.க. சுமார் 44 விழுக்காடு வாக்குகளால் 39இல் 37 இடங்கள் பெற்றது. 23 விழுக்காட்டுக்கு மேல் பெற்ற தி.மு.க.வுக்கு ஓரிடமும் இல்லை.

மாநிலங்களவைத் தேர்தலோ விகிதாசார முறையில் நடப்பது. நம் சட்டமன்றத்தின் 234 உறுப்பினரும் அறுவரைத் தேர்ந்தால், 34 வாக்குப் பெற்றவர்க்கு இடம் உறுதி. எழுவர் அவ்வளவு பெற 238 வாக்குகள் வேண்டுமன்றோ? ஆதலின் சிறு குழுவும் தன் வலிமைக்கேற்ற இடம் பெறும்.

விகிதாசாரத்தில் கணக்கு நேராகும். ஆனால் கட்சிப் பட்டியல் மட்டுமே இருப்பின், நெசவாளர் தம் குறையை உரைக்கத் தொகுதிக்கென ஒருவர் இரார். ஜெர்மனி இரண்டையும் இணைத்துள்ளது. மாணவர்களே, தேர்தல் முடிவைக் காணும்போது, வென்றோரை மட்டுமன்றி இடம்பெறாத வாக்குகளையும் எண்ணிப் பாருங்கள்.