சொன்னால்தானே தெரியும்!

தாராவியில் ஒரு சந்து. காலை நேரம். குழாயடியில் பெண்கள் கூடி இருக்கிறார்கள். ஒரு பெண்ணின் முகம் வீங்கி இருக்கிறது.

"என்ன அக்கா ஆச்சு?"

"படியில விழுந்துட்டேன்."

அவள் விழவில்லை. அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் பேசவில்லை.

பெண்ணுக்கு நடக்கும் கொடுமை இப்படித்தான் மறைந்து போகிறது. அதை நாலு பேர் அறியச் சொல்ல ஓர் இடம் வேண்டும். அப்படி ஓர் இடம்தான் மக்கள் விசாரணை மன்றம்.

இது என்ன மன்றம்?

இது அரசு கோர்ட் அல்ல. சமரசம் பேசும் லோக் அதாலத்தும் அல்ல. ஊர்ப் பஞ்சாயத்தும் அல்ல. பஞ்சாயத்தில் பெரும்பாலும் ஆண்களே பேசுவார்கள். "குடும்ப மானம் போகும். பொறுத்துப் போ" என்பார்கள்.

இங்கே பாதிக்கப்பட்ட பெண்ணே பேசுகிறாள். ஓய்வு பெற்ற நீதிபதிகள், வக்கீல்கள், சமூக சேவகர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள். அவள் சொல்வதை எழுதிக் கொள்கிறார்கள். மற்ற சாட்சிகளையும் விசாரிக்கிறார்கள். கடைசியில் அறிக்கை வெளியிடுகிறார்கள்.

மும்பையில் நடந்தது

1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பையில் பெரிய கலவரம் நடந்தது. அப்போது நகரத்துக்குப் பம்பாய் என்று பெயர். சுமார் 900 பேர் இறந்தார்கள். தாராவியும் தப்பவில்லை.

பம்பாய் உயர் நீதிமன்றத்தில் இருந்து ஓய்வு பெற்ற இருவர் விசாரிக்க முன்வந்தார்கள். ஒருவர் நீதிபதி தாவூத். மற்றவர் நீதிபதி சுரேஷ். மக்கள் சாட்சி சொன்னார்கள். அதே 1993-ல் அறிக்கை வந்துவிட்டது. அரசும் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா தலைமையில் ஒரு கமிஷன் அமைத்தது. அதன் அறிக்கை வந்தது 1998-ல்.

2002-ல் குஜராத்தில் கலவரம். அங்கேயும் மக்கள் மன்றம் விசாரித்தது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதற்குத் தலைமை தாங்கினார். நீதிபதி சுரேஷும் அதில் இருந்தார். பெண்கள் மீது நடந்த பாலியல் கொடுமைகளை அந்த மன்றம் பதிவு செய்தது.

உலகமும் கேட்டது

1993 ஜூனில் வியன்னா நகரில் ஐ.நா. மனித உரிமை மாநாடு நடந்தது. அங்கே பெண்கள் தாங்களே ஒரு மன்றம் கூட்டினார்கள். பல நாடுகளில் இருந்து வந்த 33 பேர் தங்களுக்கும் பிற பெண்களுக்கும் நடந்ததைச் சொன்னார்கள். வீட்டுக்குள் விழும் அடியைப் பற்றியும் பேசினார்கள். பெண்களின் உரிமையும் மனித உரிமையே என்று மாநாடு அறிவித்தது. அடுத்த ஆண்டு, பெண்களுக்கு எதிரான வன்முறையை ஆராய ஐ.நா. ஒருவரை நியமித்தது. அவர் இலங்கைத் தமிழ்ப் பெண் ராதிகா குமாரசுவாமி.

தண்டனை உண்டா?

இல்லை. இந்த மன்றம் யாரையும் ஜெயிலுக்கு அனுப்ப முடியாது. நஷ்டஈடு வாங்கித் தரவும் முடியாது. பிறகு என்ன பயன்?

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் ராணுவம் கொரியா, சீனா, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளின் பெண்களைப் பாலியல் அடிமைகளாக வைத்திருந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தது. 2000 டிசம்பரில் டோக்கியோவில் மக்கள் மன்றம் கூடியது. பாட்டிமார்கள் வந்து சாட்சி சொன்னார்கள். இறந்து போன சக்கரவர்த்தி ஹிரோஹிட்டோவும் குற்றவாளியே என்று மன்றம் சொன்னது. தண்டிக்க ஆள் இல்லை. ஆனால் "நீ சொல்வது உண்மை. உன் மேல் குற்றம் இல்லை" என்று அந்தப் பெண்களிடம் சொல்ல ஒரு சபை இருந்தது.

உண்மை எழுத்தில் ஏறிவிட்டால் எளிதில் மறைக்க முடியாது. பத்திரிகை கேட்கும். அரசு பதில் சொல்ல வேண்டி வரும்.

ஒன்றை மறக்க வேண்டாம். மக்கள் மன்றம் கோர்ட்டுக்கு மாற்று அல்ல. போலீசில் புகார் கொடுக்க வேண்டும். வழக்கும் போட வேண்டும். வக்கீலுக்குப் பணம் இல்லையா? வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. சட்டப் பணிகள் ஆணையத்தில் கேளுங்கள்.

பேசிப் பார்ப்போம்

குழாயடியில் அந்தப் பெண் ஏன் பொய் சொன்னாள்? அவள் உண்மையைச் சொல்ல நாம் என்ன செய்யலாம்?